நகம் எடுத்த பிறகு

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கி, சீழ் வைத்து, கடைசியில் அறுவை செய்துகொண்ட நான்கு பேரை ஒரே திண்ணையில் உட்காரவைத்து விசாரித்தால் நான்கு கதைகள் வரும். ஒருவர் மூன்றாம் நாளே அலுவலகம் போயிருப்பார். இன்னொருவர் ஒன்றரை மாதம் ஈரக் கட்டோடு அலைந்திருப்பார். மூன்றாமவருக்குத் தையல் பிரித்ததோடு தொல்லை விட்டது. நான்காமவர் அடுத்த ஆண்டே அதே விரலைத் தூக்கிக்கொண்டு அதே மருத்துவமனையில் சீட்டு வாங்க நின்றிருப்பார். உடம்பு வாகு, அதிர்ஷ்டம், மருத்துவரின் கைராசி என்று இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் எளிமையானது: நால்வருக்கும் நடந்தது ஒரே அறுவை இல்லை. ‘நகம் எடுத்தாங்க’ என்ற ஒரே பேச்சுக்குள் குறைந்தது ஐந்து விதமான சிகிச்சைகள் அடங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் புண் வேறு, அது ஆறும் விதம் வேறு.

இதைப் பற்றி எழுதப்பட்ட மருத்துவ ஆய்வுகளைப் புரட்டினால் இன்னொரு இடைவெளி தெரியும். அவற்றில் பெரும்பாலானவை முதலில் அளப்பது, நகம் மறுபடி உள்ளே போனதா என்பதைத்தான். நோயாளி கேட்பதோ, எப்போது குளிக்கலாம், எப்போது ஷூ போடலாம், கட்டை நனைக்கலாமா, இந்தக் கசிவு சீழா இல்லையா என்பவை. இந்தக் கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் அது ஆய்வுகளின் ஓரத்தில், துணைத் தகவலாகச் சிதறிக் கிடக்கிறது. எனக்குப் பட்டவரை, குணமாகும் காலத்தைப் பற்றிய குழப்பத்தில் பாதி, எந்த அறுவை என்று கேட்காமல் எத்தனை நாள் என்று கேட்பதால் வருகிறது.

நகம் எங்கிருந்து வளர்கிறது என்பதில் தொடங்க வேண்டும். நாம் காணும் நகத்தகடு உயிரற்றது. அதை உற்பத்தி செய்யும் நகவேர், விரலின் பின்தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அது நேர்க்கோடாக முடிந்துவிடுவதில்லை. இரண்டு ஓரங்களிலும் கொம்புபோல் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இறங்கியிருக்கும். சதையைக் குத்துகிற ஓரப் பட்டையை உற்பத்தி செய்வது அந்தக் கொம்புப் பகுதிதான். அதற்குச் சற்றுக் கீழேயே விரல் எலும்பு. இவ்வளவு ஒட்டிய இடத்தில் சீழ் தங்கினால், அரிதாகவேனும் எலும்புவரை போகக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் இதைச் சும்மா விடுவதில்லை. கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் வளரும். கைவிரல் நகத்தின் வேகத்தில் பாதிதான். கட்டைவிரல் நகம் வேரிலிருந்து நுனிவரை புதிதாக வந்து சேர 12 முதல் 18 மாதங்கள் பிடிக்கும். புண் ஆறும் காலம் வாரக் கணக்கு, நகம் ஆறும் காலம் வருடக் கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்கள்தான் இரண்டாம் மாதத்தில் ‘எல்லாம் சரியாயிடுச்சு’ என்று பழைய ஷூவுக்குள் காலை நுழைக்கிறார்கள்.

மிகப் பழைய முறை, நகத்தை முழுசாகப் பிடுங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் ஓத்தெல்-தியே மருத்துவமனையில் பேர்பெற்ற அறுவை நிபுணர் துப்புய்த்ரன், கத்தரியின் ஒரு கூரை நகத்துக்கு அடியில் வேர்வரை செலுத்தி, நடுவே பிளந்து, இரண்டு பாதிகளையும் குறடால் உருவி எடுப்பார். ஈதர் மயக்கம் வந்தது 1846-இல். அதற்கு முன் இதெல்லாம் முழு நினைவோடு நடந்தது. இன்று விரலை மரக்கச் செய்ய ஊசி இருக்கிறது, ஆனால் முழு நகத்தைப் பிடுங்கும் வழக்கம் பல இடங்களில் அப்படியே நீடிக்கிறது. நோயாளியின் கண்ணில் இதைப்போல நல்ல சிகிச்சை இல்லை: தையல் கிடையாது, இரண்டு மூன்று வாரங்களில் நகப்படுக்கை காய்ந்து கெட்டிப்படும், வலி போய்விடும். வாழையை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விடுவதுபோலத்தான் இதுவும். வேர் அப்படியே இருக்கிறது. நகம் வந்தே தீரும். வரும்போது புதுத் தொல்லை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. நகம் மேலிருந்து அழுத்திப் பிடிக்காததால், நடக்கும்போது விரல் நுனிச் சதை மேல்நோக்கிப் புடைத்து ஒரு வரப்பு கட்டிவிடும். பல மாதம் கழித்து வளர்ந்து வரும் நகம் அந்த வரப்பில் முட்டி நிற்கும். 1991-இல் பிரிட்டனில் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில், முழு நகத்தை எடுத்தவர்களிலும் ஓரத்தை மட்டும் வெட்டியவர்களிலும் ஓராண்டுக்குள் பத்தில் ஏழு பேருக்கு மேல் தொல்லை திரும்பியது. ஓரத்தை வெட்டி வேருக்கு மருந்தும் வைத்தவர்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் அறுவையிலேயே வேரைத் தொடாமல் முழு நகத்தையும் எடுத்து அனுப்புவது, விரைவில் ஆறுகிற புண்ணைக் கொடுத்து நீண்ட நோயைத் தள்ளிப்போடுவதாகவே எனக்குப் படுகிறது. கடும் சீழ், நகத்துக்கு அடியில் பெரிய காயம் போன்ற நிலைகளில் வேறு வழி இல்லாமல் போகலாம், அது தனி.

வேரையும் சேர்த்து வெட்டியெடுக்கும் முறைகள் இருபதாம் நூற்றாண்டில் வரிசையாக வந்தன. 1929-இல் வினோகிராட் எழுதிய முறையில் ஓர நகம், அதன் வேர், பக்கத்துச் சதை ஆகியவற்றை ஆப்பு வடிவில் வெட்டித் தையல் போடுவார்கள். இதுதான் நம் ஊர் அறுவைப் பிரிவுகளில் பலர் கைப்பழக்கமாகச் செய்வது. முதல் இரண்டு மூன்று நாள் விரல் விண்விண்ணென்று தெறிக்கும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் புண் மூடிவிடும். 1950-இல் ஸாடிக் விவரித்தது முழு நகவேரையும் எடுத்துவிடும் பெரிய அறுவை. நகம் இனி வரவே வராது. விரல் நுனியில் வெறும் தடித்த தோல் மட்டும் இருக்கும். மற்ற முறைகள் தோற்ற பிறகு, அல்லது நகமே உருக்குலைந்து கெட்டிப்பட்ட முதியவர்களுக்குத்தான் இன்று இது. 1959-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்களான வாண்டன்பாஸும் பவர்ஸும் நேர் எதிர்த்திசையில் யோசித்தார்கள்: குற்றம் நகத்தின்மேல் இல்லை, எடை தாங்கும்போது நகத்தின்மேல் ஏறிப் புடைக்கிற சதைதான் குற்றவாளி. எனவே நகத்தைத் தொடாமல் பக்கத்துச் சதையை மட்டும் தாராளமாக வெட்டியெடுத்துவிட்டு, தையல் போடாமல் திறந்த புண்ணாகவே ஆறவிட்டார்கள். முதன்முறை கட்டைப் பிரித்துப் பார்ப்பவர் திகைத்துப்போவார், அவ்வளவு பெரிய பள்ளம். அது அடியிலிருந்து சதை வளர்ந்து மூட நான்கு முதல் ஆறு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். நகம் மட்டும் முழு அகலத்தோடு நிற்கும்.

இவற்றில் அதிகம் விளக்கம் தேவைப்படுவது பீனால் முறை. ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையாக, பெரும்பாலும் நகத்தின் கால் பங்குக்கும் குறைவாக, நகத்தைப் பிளந்து உருவிவிட்டு, வேர் இருந்த பள்ளத்தில் 80 முதல் 90 சதவீதம் அடர்த்தியுள்ள பீனாலை நனைத்த பஞ்சுக்குச்சியால் சில நிமிடம் தேய்ப்பார்கள். கத்திக்குப் பதில் மருந்து வேரைச் சுட்டு அழிக்கிறது. 1945-இல் ஓட்டோ பால் என்பவர் இதைப் பற்றி எழுதினார். இந்த மருந்துக்கு அதற்கு முன்பே ஒரு பெரிய வரலாறு உண்டு. 1865-இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் ஜோசப் லிஸ்டர் வைத்துக் கட்டியது இதே கார்பாலிக் அமிலம்தான். நவீன அறுவையின் கிருமிநீக்கம் அங்கிருந்து தொடங்கியது. காயத்தைக் காப்பாற்றப் புகழ்பெற்ற பொருள், இங்கே வேண்டுமென்றே சதையைப் பொசுக்கப் பயன்படுகிறது.

பீனாலுக்கு இரத்தம் ஆகாது. இரத்தம் கலந்தால் அதன் வீரியம் போய்விடும் என்பதால் விரலின் அடியில் ரப்பர் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் வைப்பார்கள். அது நரம்பு நுனிகளையும் மரக்கச் செய்வதால் அறுவைக்குப் பிறகு வலி ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. பலர் அன்று மாலையே ஒரு பாராசிட்டமாலோடு சமாளித்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இருப்பது சுட்ட புண். வெந்த திசு கழன்று வெளியேறி, அடியில் புதுத்திசு வளர வேண்டும். அதனால் இரண்டு வாரம் தொடங்கி ஆறு வாரம்வரை அந்த ஓரத்திலிருந்து மஞ்சள் கலந்த நீர் கசிந்துகொண்டே இருக்கும். வலி குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர் மூன்றாவது வாரமும் காஜ் துணி ஈரமாக இருப்பதைக் கண்டு பயந்துபோவது இங்கேதான். கத்தி முறையில் வலி முன்னால் வந்து சீக்கிரம் போகும்; பீனாலில் வலி குறைவு, ஈரம் நீளும். இந்த ஒரு வாக்கியத்தை அறுவைக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் எழுதப்படாமல் போயிருக்கும்.

பீனாலுக்குப் பதில் பத்து சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு வைப்போரும் உண்டு. அதில் கசிவு சற்றுச் சீக்கிரம் நிற்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மின்சாரத்தாலும் லேசராலும் வேரைச் சுடுகிற இடங்களும் இருக்கின்றன. சுட்டது எதுவானாலும் சுட்ட புண்ணின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி முதல் நாள். அறுவையில் அதிகம் வலிப்பது பெரும்பாலும் விரலின் இரு பக்கமும் போடுகிற லிக்னோகைன் ஊசிதான். அந்த மரப்பு ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தாக இருந்தால் இரவுவரை தாங்கும். மரப்பு முழுசாகப் போகும்வரை காத்திராமல், எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகவே போட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் படுத்து, காலை இரண்டு தலையணைமேல் இதயத்தைவிட உயரமாக வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் விரல் தெறிக்கத் தொடங்கும். உயர்த்தினால் சில நிமிடத்தில் அடங்கும். முதல் 24 மணி நேரத்தில் கட்டில் இரத்தம் ஊறுவது வழக்கம்தான். ஊறிய இடத்தின்மேல் இன்னொரு காஜ் வைத்து அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி, கால் மணி நேரம் விடாமல் இருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காமல் சொட்டினால் போக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம், அரிதானாலும் சொல்ல வேண்டியது. விரலில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்க மறந்து, அதன்மேலேயே கட்டுப் போட்டு அனுப்பி, விரல் அழுகிய சம்பவங்கள் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. பிரிட்டனில் நோயாளர் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பு 2009-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. மரப்பு போன பிறகு மாத்திரைக்குக் கட்டுப்படாத கடும் வலி, விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ சில்லென்றோ இருப்பது, மறுநாளும் உணர்வே திரும்பாதது, இவற்றில் எதுவானாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. கட்டின் நுனியில் விரலின் சதை கொஞ்சம் தெரியும்படி கட்டச் சொல்வது இதற்காகத்தான். கால் விரல்களில் மருதாணி வைத்திருந்தால் நிறம் தெரியாது. அறுவைக்கு நாள் குறித்துவிட்டால் அந்த வாரம் மருதாணியைத் தள்ளிப்போடலாம். மெட்டியையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். பக்கத்து விரலும் வீங்கிக்கொண்டால் பிறகு அதை வெட்டித்தான் எடுக்க நேரும்.

முதல் கட்டைப் பிரிப்பது பலருக்கு அறுவையைவிடப் பெரிய சோதனை. பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பிரிக்கச் சொல்வார்கள். இரத்தம் உலர்ந்து காஜ் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஒரே இழுப்பில் எடுத்துடு, வலி தெரியாது’ என்பது கெட்ட யோசனை. புதுத்திசுவும் சேர்ந்து வரும், மறுபடி இரத்தம் கொட்டும். வெதுவெதுப்பான நீரிலோ சலைனிலோ விரலை வைத்திருந்தால் தானாக நெகிழ்ந்து கழன்றுவிடும். அடுத்த கட்டுக்கு, மெழுகு தடவிய ஒட்டாத வலைத்துணியை முதலில் வைத்து அதன்மேல் காஜ் வைத்தால் இந்த அவஸ்தை மீண்டும் வராது. மருந்துக்கடையில் பாரஃபின் காஜ் என்று கேட்டாலே கிடைக்கும்.

பிறகு தொடங்குகிறது ஆளுக்கொரு வைத்தியம். உப்புத் தண்ணீரில் தினம் இருமுறை ஊறவை என்பார் ஒருவர். தண்ணீரே படக்கூடாது என்பார் இன்னொருவர். பீட்டாடின் ஊற்று, மியூபிரோசின் தடவு, ஒன்றும் தடவாதே என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒன்று இருக்கும். இந்தக் குழப்பத்தில் நாம் சாய்ந்துகொள்ளக்கூடிய நல்ல தூண் ஒன்று உண்டு. 2012-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் காக்ரேன் அமைப்புக்காகத் தொகுத்த மதிப்பாய்வு, 2,826 பேர் பங்கேற்ற 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மறுபடி வராமல் தடுப்பதில் அறுவை, அறுவையல்லாத முறைகளைவிட மேல் என்றும், நகத்தை எடுப்பதோடு பீனாலையும் சேர்ப்பது பலன் தரக்கூடியது என்றும் அது கண்டது. அறுவைக்குப் பின் தரப்படும் கவனிப்பைப் பற்றி அது சொன்னதுதான் நமக்கு இங்கே முக்கியம்: ஆன்டிபயாட்டிக், மனுகா தேன், பொவிடோன் அயோடின், ஹைட்ரோஜெல், வெறும் பாரஃபின் காஜ் இவற்றில் எதுவுமே கிருமித்தொற்றையோ வலியையோ ஆறும் காலத்தையோ குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. எல்லாம் சமம் என்றால் மலிவானதும் ஒட்டாததும் போதும். சுத்தமாகக் கழுவுவது, ஈரம் தேங்காமல் பார்த்துக்கொள்வது, தினம் கட்டு மாற்றுவது என்ற மூன்றும்தான் எஞ்சுகின்றன.

கழுவலாமா கூடாதா என்பதற்கும் அறுவையைப் பொறுத்தே பதில். தையல் போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும்வரை நனைக்காமல் இருப்பது சரி. பீனால் வைத்ததோ திறந்த புண்ணோ என்றால், முதல் கட்டுப் பிரித்த பிறகு வெந்த திசுவையும் காய்ந்த கசிவையும் வெதுவெதுப்பான நீரால் நீக்குவதே நோக்கம். சில நிமிடம் ஊறவைத்துச் சுத்தத் துணியால் ஒற்றி எடுக்கலாம். மணிக்கணக்கில் ஊறவைத்தால் சுற்றுத்தோல் வெளுத்து ஊறிப்போய் அதுவே புண்ணாகும். நுரைக்கிறதே என்று ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது புதிதாக வளரும் திசுவையும் சேர்த்தே கெடுக்கிறது.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஐந்து நாள் மாத்திரை இல்லாத அறுவையை அறுவையாகவே பலர் மதிப்பதில்லை. சீழ் வைத்திருக்கும் விரலில் முதலில் மாத்திரை கொடுத்து ஆறவிட்டுப் பிறகு அறுவை செய்வது, இரண்டையும் சேர்த்துச் செய்வது, மாத்திரையே இல்லாமல் அறுவை மட்டும் செய்வது என்று மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியானது. மூன்றிலும் புண் ஆற எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு வாரத்தை ஒட்டி. காரணம் புரிந்துகொள்ள எளிது. சீழுக்கு மூலம் சதையில் குத்தி நிற்கும் நகத்துண்டு. அதை எடுத்துவிட்டால் உடம்பே மீதியைப் பார்த்துக்கொள்ளும். விரலைத் தாண்டிப் பரவிய தொற்று, காய்ச்சல், எதிர்ப்புசக்தி குறைந்த உடல், செயற்கை இதய வால்வு போன்றவற்றுக்கு மாத்திரை கட்டாயம் தேவைப்படலாம். இல்லாதவர்களுக்கு அது சடங்கு. மருத்துவர் எழுதியதை நாமாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை நாமாகக் கடையில் வாங்கிப் போடவும் வேண்டாம்.

அப்படியானால் உண்மையான தொற்றை எப்படித் தெரிந்துகொள்வது? நாள் போகப் போக வலி குறைய வேண்டும். இரண்டு மூன்று நாள் குறைந்த வலி மறுபடி ஏறினால் அதுதான் முதல் அடையாளம். நகத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குச் சிவந்திருப்பது பீனாலுக்குப் பிறகு சாதாரணம். அந்தச் சிவப்பு விரலின் அடிவரை அல்லது பாதத்துக்கு நகர்ந்தால் சாதாரணமில்லை. நீர்த்த மஞ்சள் கசிவு பரவாயில்லை. கெட்டியான, நாற்றமடிக்கும் சீழ் பரவாயில்லை என்று விடக்கூடாதது. பாதத்தில் செங்கோடு ஏறுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, குளிர்காய்ச்சல் ஆகியவை வந்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, தொற்றில்லாமலே புண்ணின் ஓரத்தில் தொட்டாலே இரத்தம் கசியும் சிவந்த சதைமொட்டு ஒன்று முளைக்கும். சிலர் இதைப் பார்த்துப் புற்றுநோயோ என்றுகூடக் கலங்குகிறார்கள். ஆறும் முயற்சியில் உடம்பு மிகையாக வளர்த்துவிடும் திசு அது. மருத்துவர் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டு அடக்கிவிடுவார். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் இளைஞர்களுக்கு இந்தச் சதைமொட்டு அதிகம் வரக்கூடும். இந்த நோய் அதிகம் வருவதும் அதே பதின்ம வயதில்தான் என்பதால், பருவுக்கு மாத்திரை சாப்பிடுவதைக் கால் மருத்துவரிடம் சொல்வது அவசியம். முகத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து யாரும் சொல்வதில்லை.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் பற்றி: விரல்சுற்றி வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு வளர்ந்த தலைமுறை நாம். வெட்டிய புண்ணுக்குள் சமையலறை மஞ்சள்தூளைத் திணிப்பது வேறு சமாசாரம். தூள் பொருக்கோடு கெட்டிப்பட்டு அடியில் கசிவு வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும்; சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவும் முடியாது. புண் முழுசாக மூடிய பிறகு எதை வேண்டுமானாலும் தடவிக்கொள்ளட்டும்.

சர்க்கரை நோயாளிகளின் கணக்கு தனி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். எனவே இந்த அறுவைக்கு வரும் நடுவயதுக்காரர்களில் கணிசமானவர்களுக்குச் சர்க்கரை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை இருந்தாலே நக அறுவை கூடாது என்ற பரவலான பயம் மிகையானது. சர்க்கரை கட்டுக்குள் இருந்து, காலில் இரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் பீனால் முறையேகூடப் பாதுகாப்பாகச் செய்யப்பட்டு வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி இரத்த ஓட்டத்தைப் பற்றியது. புறங்காலில் நாடி தட்டுப்படுகிறதா, இல்லையென்றால் டாப்ளர் கருவியால் இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்களா? இரத்தம் போய்ச் சேராத விரலில் எந்தப் புண்ணும் ஆறாது. சின்ன வெட்டு விரலையே கேட்கும். புகைபிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உணர்ச்சி மரத்த காலுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. மேலே சொன்ன ‘வலி ஏறுகிறதா’ என்ற அடையாளம் அவர்களுக்கு வேலை செய்யாது. வலிக்காததால் நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். அவர்கள் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீரின் சூட்டையும் காலால் பார்க்காமல் கையால் பார்க்க வேண்டும்.

வேலைக்குத் திரும்புவது பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மேசை வேலைக்கு ஓரிரு நாள், நின்று பார்க்கும் வேலைக்கு ஒன்று இரண்டு வாரம், விளையாட்டுக்குப் புண் காயும்வரை என்பது பொதுக்கணக்கு. ஆனால் நம் மேசைக்குப் போய்ச் சேரும் வழி எப்படிப்பட்டது? டவுன் பஸ் நெரிசலில் யாராவது விரலில் மிதிக்காமல் இறங்குவது கடினம். பைக்கில் போனால், கியர் லீவரை மேலே தூக்கி மாற்றும் வகை வண்டிகளில் அந்த லீவர் படுவது சரியாக இடது கட்டைவிரலின் மேற்புறத்தில். முன்பாதத்தால் அழுத்தி மாற்றும் வகை கொஞ்சம் பரவாயில்லை. வலது காலில் அறுவை என்றால் திடீரென்று பிரேக் அழுத்தத் தயங்குவோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அது விரலைவிடப் பெரிய பிரச்சினை. கியர் இல்லாத ஸ்கூட்டர் இந்த வாரங்களில் பெரிய உதவி. செருப்பு போடும் பழக்கம் நமக்கு ஒரு வரம்: முன்பக்கம் திறந்த, பட்டை அகலமான செருப்பு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் உள்ள செருப்பு மட்டும் வேண்டாம். கோயிலுக்கும் விசேஷ வீட்டுக்கும் போனால் வெறுங்காலோடு நிற்க வேண்டியிருக்கும். கட்டின்மேல் சுத்தமான காட்டன் சாக்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம், அல்லது ஒரு மாதம் போகாமலும் இருக்கலாம். மழைக்காலத்தில் தேங்கிய தெருத்தண்ணீரில் இறங்கவே கூடாது. முடிந்தால் அவசரமில்லாத அறுவையை ஐப்பசி கார்த்திகை கழித்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கொஞ்சம் சண்டை போடத்தான் வேண்டும். கறுப்பு ஷூ கட்டாயம் என்ற விதிக்கு மருத்துவச் சான்று காட்டிச் சில வாரம் விலக்கு வாங்கலாம். பல பிள்ளைகளுக்கு இந்த நோயையே கொண்டுவந்தது போன ஆண்டு வாங்கிய, கால் வளர்ந்தும் மாற்றாத அந்த ஷூதான். வேகப்பந்து வீச்சாளர்கள் ஷூவின் முனையில் விரலுக்கு ஓட்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காலுக்கு ஷூவைப் பொருத்துவதுதான் முறை, ஷூவுக்குக் காலைப் பொருத்துவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புண் மூடியதும் கதை இரண்டாம் பாகத்துக்குப் போகிறது, அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஓரம் எடுத்த நகம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். பக்கத்துத் தோல் மெல்ல உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். சில மாதம் அந்த ஓரத்தில் தொட்டால் கூச்சமோ லேசான மரப்போ இருக்கலாம். நகத்தை நேராக, விரல் நுனிக்குச் சமமாக வெட்ட வேண்டும். மூலையை வளைத்து ஆழமாகத் தோண்டக் கூடாது. மூலையில் ஒரு கூர்முனை உள்ளே தங்கிவிட்டால் அதுதான் அடுத்த முறை குத்தப்போவது. குளித்து நகம் மெத்தென்று இருக்கும்போது வெட்டினால் பிளவு வராது. கால் அதிகம் வியர்ப்பவர்களுக்குத் தோல் ஊறி நகம் எளிதில் இறங்கும். சாக்ஸைத் தினம் மாற்றுவது, ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் காயவிடுவது என்பவை சின்ன விஷயங்களாகத் தோன்றினாலும் பலனுள்ளவை.

வேரைக் கத்தியால் எடுத்தாலும் மருந்தால் சுட்டாலும், ஆழத்தில் இருக்கும் அந்தக் கொம்பின் ஒரு துளி தப்பிவிட வாய்ப்புண்டு. மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள், பழைய வடுவின் ஓரத்தில் நூல்போல, முள்போல ஒரு நகத்துண்டு தலைகாட்டும். குத்தாமல் வெளியே வளர்ந்தால் வெட்டிக்கொண்டே இருக்கலாம். சதைக்குள் வளர்ந்தால் பழைய வலி, பழைய வீக்கம். இது முழு நோயும் திரும்பியதாக அர்த்தமில்லை. மரக்கச் செய்து அந்த முள்ளையும் அதன் வேரையும் மட்டும் எடுக்கும் சின்ன வேலை. அதற்காகப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போது பழைய சீட்டு உதவும், அதில் விவரம் இருந்தால். ‘நகம் எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் முடிந்த சீட்டு எதற்கும் பயன்படாது. முழு நகமா ஓரமா, எந்தப் பக்கம், வேரை என்ன செய்தார்கள், தையலா பீனாலா என்பதை முதல் அறுவை நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நோயாளியின் வேலை. இந்த முறையும் பீனால்தான் என்று மருத்துவர் சொன்னால், ஈரக் காஜ் மாற்றும் வாரங்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கேற்ப விடுப்பு சொல்லிவிட்டுப் போகலாம்.